வன்னியில வேலைக்குப் போற பொம்பிளையளின்ர திருப்தியை வருசக்கணக்கா அளக்கிறது எப்பிடி: முழுமையான வழிகாட்டி

இலங்கையின்ர வடக்கில இருக்கிற வன்னியில இண்டைக்குப் பொம்பிளையள் கை வைக்காத வேலை இல்ல எண்டே சொல்லலாம். கார்மென்ஸ், கண்ணிவெடி அகற்றிற வேலை, முன்பள்ளி, கூட்டுறவுச் சங்கக் கடை, வயல் கூலி, கருவாடு, கச்சேரி (அரச அலுவலகம்) எண்டு எல்லா இடத்திலயும் நிக்கினம். அவைக்கு அந்த வேலை எப்பிடி இருக்கு எண்டு கேக்க வாறவையும் குறைவில்லை. ஆனா கேக்கிற விதம் எப்பவும் ஒரே மாதிரித்தான், ஒருநாள் வந்து வினாக்கொத்தை எடுத்து "வேலை திருப்தியோ அக்கா" எண்டு கேட்டு, அவ "ஓம் தங்கச்சி, பரவாயில்லை" எண்டு சொல்ல, அதில ஒரு சரியைப் போட்டு, பிறகு ரிப்போர்ட்டில பெரும்பாலான பெண்கள் திருப்தியாக உள்ளனர் எண்டு எழுதி முடிச்சிடுவினம். அடுத்த வருசம் அதே இடத்துக்குப் போனா ஓம் எண்டு சொன்னவையில கனபேரைக் காணேலாது. அவை எங்க போச்சினம், ஏன் விட்டவை, இப்ப என்ன செய்யினம் எண்டு ஆரும் தேடுறதில்லை. என்னைக் கேட்டா சரியான பதில் அவையிட்டத்தான் இருக்கு.

அதால இந்த வழிகாட்டி முழுக்க ஒரு விசயத்தைச் சுத்தித்தான் போகும்: வேலைத்தலத்தைத் தொடராதேங்கோ, ஆளைத் தொடருங்கோ. ஒரே பொம்பிளையிட்ட ஒரே கேள்வியை வருசா வருசம் கேளுங்கோ, அவ அந்த வேலையில இருந்தாலும் சரி, வேற வேலைக்குப் போனாலும் சரி, வீட்டில இருந்தாலும் சரி. மாதர் சங்கங்கள், சின்ன அமைப்புகள், வவுனியாப் பல்கலையிலயும் கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்திலயும் படிக்கிற பிள்ளையள், ஆருக்கும் இது செய்யக்கூடிய வேலைதான். பெரிய காசு தேவையில்லை, பொறுமைதான் கனக்க வேணும்.

ஒருக்காக் கேட்டா ஏன் காணாது

ஒரு சின்னக் கணக்குச் செய்து பாப்பம். ஒரு பக்டரியில 100 பொம்பிளையள் எண்டு வையுங்கோ, 10-க்கு எத்தனை திருப்தி எண்டு கேக்கிறீங்கள். 60 பேர் 7 எண்டு சொல்லினம், 40 பேர் 4.5 எண்டு சொல்லினம், சராசரி 6.0 வருது. ஒரு வருசம் போகுது, மனம் சரியில்லாத 40 பேரில 30 பேர் வேலையை விட்டிட்டினம். மிச்சம் நிக்கிற 70 பேரிட்ட நீங்கள் திருப்பிக் கேக்கிறீங்கள், அதில 60 பேர் பழையபடி 7, பத்துப் பேர் பழையபடி 4.5, சராசரி இப்ப 6.6. ஒருத்தற்ற மனமும் ஒரு புள்ளி கூட மாறேல்ல, வேலையில ஒரு திருத்தமும் நடக்கேல்ல, ஆனா பேப்பரில திருப்தி கூடியிருக்கு! முகாமையாளர் அதை வைச்சு நாங்கள் முன்னேறியிட்டம் எண்டு சொல்லுவார், அவர் பொய் சொல்லவும் இல்ல, இலக்கம் அப்பிடித்தான் வந்திருக்கு. விட்டிட்டுப் போன 30 பேரையும் தேடிக் கேட்டிருந்தா மட்டும்தான் நடந்தது என்ன எண்டு விளங்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. ஆண்ட்ரூ கிளார்க் எண்ட பொருளாதார ஆய்வாளர் 1997-ல ஒரு கட்டுரை எழுதினவர். பிரிட்டனில 1991-ல தொடங்கின குடும்பத் தொடர் ஆய்வின்ர தரவை எடுத்துப் பாத்தா, சம்பளமும் குறைவு, பதவி உயர்வும் குறைவு, ஆனாலும் பொம்பிளையள்தான் ஆம்பிளையளை விடத் திருப்தி எண்டு சொல்லியிருக்கினம். ஏன் எண்டு தேடினா, எதிர்பார்ப்புக் குறைவா இருக்கிறதுதான் காரணமா இருக்கலாம் எண்டு அவர் சொல்லுறார். ஏனெண்டா வயசு குறைஞ்சவை, கூடப் படிச்சவை, ஆம்பிளையள் கூட இருக்கிற இடத்தில வேலை செய்யிறவை எண்டு பாக்கேக்க அந்த வித்தியாசம் இல்லாமல் போகுது.

இதை வன்னிக்குக் கொண்டு வந்து பாருங்கோ. 2009-ல யுத்தம் முடியேக்க எல்லாத்தையும் விட்டிட்டு வந்து, மெனிக்பாம் அகதி முகாமில இருந்து, பிறகு மீள்குடியேறித் தறப்பாளுக்குக் கீழ வாழ்க்கையைத் தொடங்கின ஒரு அம்மாவுக்கு மாசா மாசம் வாற சம்பளம் எண்டதே பெரிய விசயம். அவ திருப்தி எண்டு சொல்லுறதில பொய் ஒண்டும் இல்ல, ஆனா அந்தத் திருப்தி வேலை நல்லம் எண்டதுக்குச் சாட்சியும் இல்ல. பத்து வருசம் கழிச்சு அதே வேலைக்குப் போற அவவின்ர மகள் ஏ.எல் படிச்சவ, அவ 4 எண்டு சொன்னா அதுக்காக வேலை கெட்டுப் போச்சு எண்டு நினைக்கக் கூடாது, எதிர்பார்ப்பு உயர்ந்திருக்கு, அது நல்ல விசயம். ஒரு நாள் இலக்கத்தை வைச்சுக்கொண்டு இதைப் பிரிச்சுப் பாக்கவே ஏலாது.

படி 1: ஆரைத் தொடரப் போறீங்கள் எண்டதை முடிவெடுங்கோ

பக்டரி லிஸ்டை வாங்கி அதில இருந்து பேர் எடுக்கிறதுதான் லேசு, ஆனா அதைச் செய்யாதேங்கோ. லிஸ்டைத் தாறவருக்கு ஆரார் பேசுகினம் எண்டு தெரிஞ்சிடும், அது முதலாவது. ரண்டாவது, லிஸ்டில இருக்கிறவை எல்லாரும் இன்னும் விட்டிட்டுப் போகாதவை. கிராமத்தில இருந்து தொடங்குங்கோ. நாலைஞ்சு கிராம சேவகர் பிரிவைத் தெரிஞ்செடுத்து, வீடு வீடாப் போய், கடைசி ரண்டு வருசத்தில சம்பளத்துக்கு வேலை செய்த 18 வயசுக்கு மேற்பட்ட பொம்பிளையள் எல்லாற்ற பேரையும் எடுத்து, அதில குலுக்கல் மாதிரி எழுமாறாத் தெரியுங்கோ. அப்பத்தான் விட்டவையும் முதல் நாளே உள்ளுக்கு வருவினம்.

பிரிவு தெரியேக்க ஒரே மாதிரி ஊருகளை எடுக்காதேங்கோ. ஏ9 றோட்டுக் கரையில இருக்கிற ஊர் ஒண்டு, இரணைமடுத் தண்ணி பாயிற வயல் ஊர் ஒண்டு, முல்லைத்தீவுக் கரையோரம் ஒண்டு, பஸ் ஒழுங்கா வராத உள்ளூர் ஒண்டு எண்டு கலந்து எடுங்கோ. மலையகத்தில இருந்து 77 கலவரத்துக்குப் பிறகு வந்து குடியேறின குடும்பங்கள் வன்னியில கனக்க இருக்கு, முஸ்லிம் ஊருகளும் இருக்கு, அவையை விட்டிட்டு வன்னிப் பொம்பிளையள் எண்டு ரிப்போர்ட் எழுதுறது நியாயமில்லை.

ஒருத்தி ஒரே நேரத்தில ரண்டு மூண்டு வேலை செய்வா, காலையில முன்பள்ளி, பின்னேரம் தையல், காலபோக அரிவுவெட்டு நேரம் வயல். "முக்கியமான வேலை எது" எண்டு நீங்கள் முடிவெடுக்காதேங்கோ, அவவே சொல்லட்டும், மற்ற வேலையளையும் எழுதி வையுங்கோ.

படி 2: எத்தனை பேர்

வருசா வருசம் பத்தில ஒராள் தவறிப் போவா எண்டு வைச்சுக் கணக்குப் பாருங்கோ. 300 பேரோட தொடங்கினா அடுத்த சுற்று 270, பிறகு 243, 219, 197, ஆறாவது சுற்றில 177. இதை இன்னும் ரண்டு மூண்டு கூட்டமாப் பிரிச்சா ஒவ்வொண்டிலயும் ஐம்பது அறுபது பேர்தான் மிஞ்சுவினம். அதால கடைசிச் சுற்றில எத்தனை பேர் வேணும் எண்டதை முதல் யோசிச்சு, பின்னால இருந்து முன்னுக்கு வாங்கோ. உங்களிட்ட ரண்டு பேர்தான் வேலைக்கு எண்டா 150 பேரை எடுத்து வடிவாத் தொடருங்கோ, 500 பேரை எடுத்து மூண்டாம் வருசம் பாதிப்பேரைத் தொலைக்கிறதை விட அது எவ்வளவோ திறம்.

படி 3: கேள்வியள்

இதிலதான் கூட நேரம் செலவழிக்கோணும், ஏனெண்டா ஒருக்கா முடிவெடுத்தா பிறகு மாத்தேலாது. மூண்டாம் வருசம் கேள்வியில ஒரு சொல்லை மாத்தினா, பதில் மாறினது சொல்லாலயோ வாழ்க்கையாலயோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாமல் போயிடும்.

முதல்ல ஒரு மொத்தக் கேள்வி வேணும். "எல்லாத்தையும் சேத்துப் பாத்தா இப்ப செய்யிற வேலையில உங்களுக்கு எவ்வளவு திருப்தி?" ஜெர்மனியில 1984-ல தொடங்கின தொடர் ஆய்வு 0 தொடக்கம் 10 வரை ஒரு இலக்கம் கேக்குது, பிரிட்டனில 1 தொடக்கம் 7 வரை. எங்கட ஊரில இலக்கத்தை வாயால கேட்டா வயசு போன அம்மாமார் பள்ளிக்கூட மார்க்ஸ் மாதிரி நினைச்சுக் கூடப் போட்டு விடுவினம். பத்துப் புளியங்கொட்டையை மேசையில வைச்சு, "முழுத் திருப்தி எண்டா பத்தையும் எடுங்கோ, ஒண்டுமே இல்லையெண்டா ஒண்டையும் எடுக்காதேங்கோ" எண்டு சொன்னா கை யோசிச்சு எடுக்கும், பேசாம எண்ணி எழுதலாம். போனில கேக்கிற சுற்றுக்கு ரண்டு படியாக் கேளுங்கோ, முதல்ல "திருப்தியோ, திருப்தி இல்லையோ", பிறகு "கனக்கவோ, கொஞ்சமோ". இப்பிடிக் கேட்டா நடுவில போய் ஒளிக்கிறது குறையும். ஆனா நேரில ஒரு முறை, போனில ஒரு முறை எண்டா ரண்டையும் ஒரே கோட்டில வைச்சு ஒப்பிடாதேங்கோ, தனித்தனியா வைச்சிருங்கோ.

பிறகு பகுதி பகுதியாக் கேக்கிறது. 1969-ல ஸ்மித், கென்டல், ஹூலின் எண்டவை செய்த அளவுகோல் வேலை, சம்பளம், பதவி உயர்வு, மேலதிகாரி, கூட வேலை செய்யிறவை எண்டு ஐஞ்சு பகுதி பாத்தது. போல் ஸ்பெக்டர் 1985-ல செய்தது 9 பகுதி, 36 கேள்வி. ரண்டும் நல்ல அளவுகோல்தான், அதில இருந்து எடுக்க வேண்டியதை எடுங்கோ, ஆனா அப்பிடியே மொழிபெயர்த்துக் கொண்டுபோய் கேட்டா எங்கட பொம்பிளையளை வேலையை விட வைக்கிற விசயம் பாதி அதுக்குள்ள இல்ல. என்ர லிஸ்டில கட்டாயம் இருக்கிறது இவை:

சம்பளம் எவ்வளவு எண்டது ஒண்டு, சொன்ன நாளுக்கு வருதோ எண்டது வேற ஒண்டு, ரண்டையும் பிரிச்சுக் கேளுங்கோ. ஈ.பி.எவ் (ஊழியர் சேமலாப நிதி) கட்டுப்படுதோ எண்டு கேளுங்கோ, சட்டப்படி வேலை செய்யிறவவிட்ட 8%, முதலாளி 12%, அதைவிட ஈ.ரி.எவ் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3% முதலாளி கட்டோணும், கனபேருக்குத் தங்கட கணக்கில காசு விழுதோ எண்டே தெரியாது, அந்தத் "தெரியாது"வும் ஒரு பதில்தான், அதுக்கும் ஒரு பெட்டி போடுங்கோ. சூப்பவைசர் கதைக்கிற விதம், எல்லாருக்கும் முன்னால ஏசுறாரோ எண்டது. ரொய்லெட், மாதவிடாய் நேரம் போய்வர விடுகினமோ எண்டது. வேலைக்குப் போய்வாற பாதை, இருட்டினாப் பிறகு பஸ்ஸில இருந்து இறங்கி வீட்டுக்குப் போற தூரம். பிள்ளையை ஆர் பாக்கிறது. சுகமில்லையெண்டா லீவு எடுக்கேலுமோ, சம்பளம் வெட்டுப்படுதோ. ஊர்ச்சனம் இந்த வேலையைப் பற்றி என்ன கதைக்குது, அது உங்களுக்கு எவ்வளவு தாக்குது. உழைச்ச காசில எவ்வளவை நீங்களா முடிவெடுத்துச் செலவழிக்கிறீங்கள். இந்தக் கடைசி ரண்டும் வெளிநாட்டு அளவுகோலில கிடையாது, ஆனா கார்மென்ஸ் பெட்டையளிட்டக் கேட்டுப் பாருங்கோ, கலியாணப் பேச்சு வரேக்க வேலையின்ர பேர் எவ்வளவு பெரிய விசயம் எண்டு சொல்லுவினம்.

மனத்தைக் கேக்கிறதோட நடத்தையையும் கேளுங்கோ. "போன நாலு கிழமையில எத்தனை நாள் போக மனமில்லாம வெளிக்கிட்டனீங்கள்?" "இதே சம்பளத்துக்கு வீட்டுக்குக் கிட்ட வேலை கிடைச்சா மாறுவீங்களோ?" "உங்கட தங்கச்சியை இந்த வேலைக்குச் சேப்பீங்களோ?" இந்த மூண்டாவது கேள்வி மாதிரி நேர்மையான பதிலைத் தாற கேள்வி நான் வேற காணேல்ல, தன்ர வேலை பரவாயில்லை எண்டு சொன்ன ஆள் தங்கச்சி எண்ட உடனை "ஐயோ வேண்டாம்" எண்டு சொல்லுவா. பிறகு "ஏன்" எண்டு கேட்டு அவ சொல்லுறதைச் சொன்னபடி எழுதுங்கோ, திருத்தி எழுதாதேங்கோ.

எதிர்பார்ப்பு ஆளுக்கு ஆள் வேற எண்டு மேல சொன்னன், அதுக்கு ஒரு வழி சின்னக் கதை சொல்லி மதிப்புப் போடக் கேக்கிறது. "மாலாவுக்கு மாசச் சம்பளம் நேரத்துக்கு வருது. ஆனா டார்கெட் முடிக்காட்டி லைனில எல்லாருக்கும் முன்னால ஏசுவினம். மாலாவுக்கு இந்த வேலை எத்தனை கொட்டைத் திருப்தி குடுக்கும்?" எண்டு கேளுங்கோ. அம்மா 8 எடுக்கிறா, மகள் 3 எடுக்கிறா எண்டா அவையின்ர அளவுகோல் வேற எண்டு உங்களுக்குத் தெரியும், அவையின்ர சொந்தப் பதிலை அதோட சேத்து வாசிக்கலாம். இதே கதையை வருசா வருசம் கேட்டா அவவின்ர அளவுகோல் நகருதோ எண்டும் பிடிக்கலாம். ரண்டு மூண்டு கதை காணும், கூடினாக் களைச்சுப் போவினம்.

கேக்கக் கூடாததும் இருக்கு. புருசன் எங்க, காணாமல் போனவரோ, இயக்கத்தில இருந்தனீங்களோ எண்டு எந்தக் காரணத்துக்காகவும் கேக்காதேங்கோ. "வீட்டுச் செலவுக்கு உங்களைத் தவிர ஆர் உழைக்கினம்" எண்டு கேட்டா உங்களுக்குத் தேவையானது கிடைக்கும். அவ தானாச் சொன்னா பேசாம இருந்து கேளுங்கோ, போமில எழுதாதேங்கோ. லோன் பற்றிக் கேக்கலாம், கேக்கத்தான் வேணும், ஏனெண்டா நுண்கடன் கட்ட வேண்டிய கிழமைக் காசுக்காகவே பிடிக்காத வேலையில நிக்கிறவை இருக்கினம், ஆனா தொகை கேக்காம "லோன் இல்லாட்டி இந்த வேலையை விட்டிருப்பீங்களோ" எண்டு கேளுங்கோ.

எல்லாம் எழுதினாப் பிறகு ஒரு முப்பது பேரிட்டக் கேட்டு, ரண்டு கிழமை கழிச்சு அதே ஆக்களிட்டத் திருப்பிக் கேளுங்கோ. ரண்டு கிழமையில வேலை மாறியிராது, ஆனா பதில் ஒரு கொட்டை அங்கால இஞ்சால ஆடும். அந்த ஆட்டம் உங்கட அளவுகோலில தற்செயலா வாற தளம்பல்தான். பிறகு ஒரு வருசத்தில ஒரு கொட்டை குறைஞ்சா அதைப் பெருசாத் தூக்கிப் பிடிக்காம இருக்க இது உதவும். கேட்டு முடிக்க அரை மணித்தியாலத்துக்கு மேல போனா வெட்டுங்கோ, அடுப்பில உலை இருக்கும்.

படி 4: எந்த மாசம்

முதல் வருசம் பெப்ரவரியில, ரண்டாம் வருசம் ஓகஸ்டில எண்டு வசதிக்குப் போய்க் கேட்டா எல்லாம் குழம்பிப் போயிடும். காலபோகம் வெட்டுற நேரம் வயல் கூலி கிடைக்கும், கையில காசிருக்கும், கச்சான் பிடுங்கிற காலமும் அப்பிடித்தான். ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் வரைக்கும் மாரி, றோட்டு வெள்ளம், பஸ் பிந்தும், பிள்ளையளுக்குக் காய்ச்சல், அந்த நேரம் எந்த வேலையையும் ஆருக்கும் பிடிக்காது. ஏப்ரலில போனஸ் வந்த சூட்டில கேட்டாலும் பிழை. ஒரு சும்மா மாசத்தைத் தெரிஞ்செடுத்து ஒவ்வொரு வருசமும் அதே மாசம் போங்கோ, நான் ஜூலையைச் சொல்லுவன், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலும் முடிஞ்சிருக்கும், மடுத் திருவிழா ஓகஸ்டில பெருசா வரும், அதுக்கு முந்தி முடிக்கலாம். கத்தோலிக்க ஊரெண்டா ஜூலை முதல் கிழமையை மட்டும் விடுங்கோ, அந்த நேரமும் மடுவில திருநாள்.

வருசத்துக்கு ஒருக்கா மட்டும் போதுமோ எண்டா, புதுசா வேலைக்குச் சேர்ந்தவைக்குப் போதாது. விடுறவை கனக்க முதல் சில மாசத்திலதான் விடுவினம். அவையிட்ட ஒராம், மூண்டாம், ஆறாம், பன்னிரண்டாம் மாசம் கேளுங்கோ. மற்றவைக்கு வருசத்துக்கு ஒருக்கா நேரில, இடையில நாலு மாசத்துக்கு ஒருக்கா ஐஞ்சு நிமிசம் போனில. இலங்கையிலயே இப்பிடி நடந்திருக்கு, சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வூட்ரஃப் மூண்டு பேரும் சுனாமிக்குப் பிறகு 2005-ல தெற்கில சின்னத் தொழில் செய்யிறவையை மூண்டு மாசத்துக்கு ஒருக்காத் தொடர்ந்து ஆய்வு செய்தவை, அதால எங்கட நாட்டில ஏலாது எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ.

நாட்டில நடக்கிறதையும் ஒரு கொப்பியில எழுதிக்கொண்டே வாங்கோ. 2022 செப்டெம்பரில கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9%. அந்த வருசம் எந்த வேலையில இருந்தவையிட்டக் கேட்டாலும் சம்பளத் திருப்தி விழுந்துதான் இருக்கும், அதுக்குப் பக்டரியைக் குறை சொல்லேலாது. வேற வேற வேலைக்காரரை ஒண்டாத் தொடருறதின்ர பிரயோசனம் இதிலதான் தெரியும், எல்லாருக்கும் விழுந்தது எவ்வளவு, இவைக்கு மட்டும் கூட விழுந்தது எவ்வளவு எண்டு பிரிக்கலாம். கண்ணிவெடி அகற்றிறவைக்கு இன்னொரு திகதி இருக்கு, இலங்கை 2017-ல கண்ணிவெடியைத் தடை செய்யிற ஒட்டாவா உடன்படிக்கையில சேர்ந்தது, நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்கிறதுக்கான காலக்கெடு 2028 ஜூன். நிலம் துப்புரவானா ஊருக்குச் சந்தோசம், அவைக்கு வேலை முடிஞ்சுது. அந்தத் திகதி கிட்டக் கிட்ட அவையின்ர திருப்தி எப்பிடிப் போகுது, பிறகு வேற வேலைக்குப் போனா அங்க எப்பிடி இருக்கு எண்டதை இப்பவே தொடங்கினாத்தான் பிடிக்கலாம்.

படி 5: ஆர் கேக்கிறது, எங்க இருந்து கேக்கிறது

வன்னிச் சனம் விவரம் குடுத்துக் களைச்ச சனம். மீள்குடியேற்றத்தில தொடங்கி வீட்டுத்திட்டம், சமுர்த்தி, அஸ்வெசும எண்ட அரச உதவித் திட்டங்கள், என்.ஜீ.ஓ எண்டு எத்தனை போம் நிரப்பியிருப்பினம், சிவில் உடுப்பில வந்து விசாரிச்சவையும் இருக்கினம். அதால கிராம சேவகரிட்டயும் டி.எஸ் ஒபிஸிலயும் (பிரதேச செயலகம்) முறையாச் சொல்லி, மாதர் சங்கக் கூட்டத்தில வைச்சு என்ன செய்யப் போறம், எத்தனை வருசம், இதால உதவி ஒண்டும் கிடைக்காது எண்டதை நேராச் சொல்லுங்கோ. உதவி வரும் எண்ட நம்பிக்கையில ஒராள் சொல்லுற பதில் வேற.

கேக்கிறது பொம்பிளையாத்தான் இருக்கோணும், அதே ஊர் ஆளா இருக்கக் கூடாது, ஆனா வன்னிக் கதை தெரிஞ்சவவா இருக்கோணும். பக்கத்து ஊர் நல்லம். ஏலுமெண்டா ஒவ்வொரு வருசமும் அதே ஆள் போகட்டும், பழகினா மனம் திறந்து கதைப்பினம். பழகினதாலயே பதில் மாறுறதும் உண்டு, அதால ஒவ்வொரு சுற்றிலயும் கொஞ்ச வீடுகளை மட்டும் எழுமாறா ஆள் மாத்தி விட்டுப் பாருங்கோ, வித்தியாசம் தெரிஞ்சா கணக்கில எடுக்கலாம்.

பக்டரி வாசலில, ஒபிஸில, சங்கக் கட்டிடத்தில வைச்சுக் கேக்காதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டில கேளுங்கோ. மாமி பக்கத்தில வந்து இருப்பா, அது நடக்கும், அப்ப கொட்டையை வைச்சுக் கேக்கிறது கைகுடுக்கும், சத்தமாச் சொல்லத் தேவையில்லை. காசு, வசவு பற்றின கேள்வியளைத் தண்ணி அள்ளப் போற நேரம் கூட நடந்துகொண்டு கேட்டாலும் பரவாயில்லை.

பேரும் போன் நம்பரும் ஒரு கொப்பி, பதில் வேற ஒரு பைல், ரண்டையும் சேக்கிறது ஒரு இலக்கம் மட்டும், அந்தக் கொப்பி ஒராளிட்டப் பூட்டுக்குள்ள. போனில கோபோ டூல்பொக்ஸ் எண்ட போம் நிரப்பிற அப்பைப் போட்டுக்கொண்டு போனா சிக்னல் இல்லாத இடத்திலயும் நிரப்பலாம், வந்து வைஃபையில ஏத்தலாம். 2022-ம் ஆண்டு 9-ம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருக்கா வாசிச்சு வைச்சிருங்கோ, ஒவ்வொரு சுற்றிலயும் சம்மதத்தைப் புதுசாக் கேளுங்கோ, போன வருசம் ஓம் எண்டவ இந்த வருசம் வேண்டாம் எண்டு சொல்லலாம்.

படி 6: ஆளைத் தொலைக்காம இருக்கிறது

தொடர் ஆய்வு செத்துப் போறது இதிலதான். சிம் மாத்துவினம், கலியாணம் முடிச்சு நெடுங்கேணிக்குப் போவினம், கட்டுநாயக்காவுக்கு வேலைக்குப் போவினம், குவைத்துக்குப் போவினம், பிள்ளைப்பேறுக்கு அம்மா வீட்டை போவினம். போனவையைக் கைவிட்டா மேல சொன்ன 6.6 கணக்குத்தான் உங்களுக்கும் நடக்கும்.

முதல் நாளே மூண்டு தொடர்பு வாங்குங்கோ: அவவின்ர நம்பர், மாறாத ஒரு வீட்டாளின்ர நம்பர் (அனேகமா அம்மா, இல்லாட்டி அக்கா), வேலைக்கு ஒண்டாப் போற ஒரு தோழியின்ர நம்பர். கணவன்ர நம்பரை மட்டும் வைச்சிருக்காதேங்கோ. வீடு எப்பிடி வாறது எண்டதைச் சனம் சொல்லுற மாதிரியே எழுதுங்கோ, "பிள்ளையார் கோயிலடியால திரும்பி மூண்டாவது ஒழுங்கை, கிணத்தடியில பெரிய பாலைமரம்", இலக்கம் வைச்சு வீடு தேடேலாது. தைப்பொங்கலுக்கு, நத்தாருக்கு, பெருநாளுக்கு ஒரு வாட்ஸ்அப் வாழ்த்து அனுப்புங்கோ, வாசிச்சது தெரியாட்டி அந்தக் கிழமையே அம்மாவுக்கு எடுங்கோ, ஒரு வருசம் பாத்திருந்தா நம்பர் மூண்டும் செத்திருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன ரீலோட் போட்டு விடுங்கோ, அவவின்ர நேரத்துக்கு ஒரு மரியாதை வேணும், ஆனா பெரிய தொகை வேண்டாம்.

வேலையை விட்டவையிட்ட "அப்ப உங்களிட்டக் கேக்க ஒண்டுமில்லை" எண்டு திரும்பி வராதேங்கோ. அவைக்குத் தனியா ஒரு பக்கம் கேள்வி வையுங்கோ: எப்ப விட்டனீங்கள், கடைசிக் கிழமை என்ன நடந்தது, விட முடிவெடுத்தது ஆர், திரும்பக் கூப்பிட்டாப் போவீங்களோ, எது மாறினாப் போவீங்கள், இப்ப நாள் எப்பிடிப் போகுது. மாசம் ஞாபகம் வராட்டி "வற்றாப்பளைப் பொங்கலுக்கு முந்தியோ பிந்தியோ", "மூத்தவன்ர ஓ.எல் ரிசல்ட் வந்த நேரமோ" எண்டு கேட்டா பிடிச்சிடலாம். விட்ட காரணத்தை ஒரு பெட்டிக்குள்ள அடைக்காதேங்கோ, பிள்ளைக்கு வருத்தம், லீவு கேட்டது, ஏச்சு, அடுத்த நாள் போகேல்ல எண்டு ஒரு சங்கிலியாத்தான் அது இருக்கும், போமில "குடும்பக் காரணம்" எண்டு மட்டும் போட்டா லீவு குடுக்காத கதை மறைஞ்சு போயிடும்.

படி 7: கணக்கு

எக்செல் காணும், R எண்ட புள்ளிவிபர மென்பொருள் தெரிஞ்சா இன்னும் நல்லம். ஒரு பொம்பிளைக்கு ஒரு சுற்று ஒரு வரி எண்டு போடுங்கோ. முதல் பாக்க வேண்டியது சராசரி இல்ல, தவறிப் போனவையின்ர முதல் சுற்றுப் பதில். அவை மற்றவையை விடக் குறைவாச் சொல்லியிருந்தவையெண்டா உங்கட மிச்சக் கணக்கு எல்லாம் கூடக் காட்டும், அதுக்கு அவையைப் போலவே இருந்து இன்னும் நிக்கிறவைக்குக் கூட நிறை குடுத்து (ஒராளை ஒராளுக்கு மேல எண்ணுற மாதிரி) சரி பாக்கலாம்.

பிறகு ஒவ்வொருத்தருக்கும் தன்ர போன வருசத்தோட தன்ர இந்த வருசத்தைக் கழிச்சுப் பாருங்கோ. ஆளுக்கு ஆள் ஒப்பிடேக்க சுபாவம் குறுக்க வரும், எப்பவும் கூடச் சொல்லுறவை, எப்பவும் குறைச்சுச் சொல்லுறவை இருப்பினம், ஒராளைத் தன்னோட தானே ஒப்பிட்டா அது அடிபட்டுப் போகும். சூப்பவைசர் மாறின வருசம் எத்தனை கொட்டை ஏறினது, பஸ் நிண்ட வருசம் எத்தனை இறங்கினது, பிள்ளை பிறந்து திரும்பி வந்தவைக்கு என்ன நடந்தது எண்டு பாக்கலாம். சட்டப்படி 84 நாள் பிரசவ லீவு இருக்கு, எடுத்தவைக்கும் எடுக்க விடாதவைக்கும் வித்தியாசம் பாத்தா நல்ல கதை வெளிக்கும்.

கடைசியா ஒரு அட்டவணை: போன வருசம் குறைவாச் சொன்னவை, நடுவில, கூடச் சொன்னவை எண்டு மூண்டு வரி. இந்த வருசம் அதே வேலை, வேற வேலை, வீட்டில, வெளிநாடு எண்டு நாலு நிரல். முழுக் கதையும் அந்தப் பன்னிரண்டு பெட்டிக்குள்ள இருக்கு. குறைவாச் சொல்லியும் அதே வேலையில நிக்கிறவை எண்ட பெட்டியைக் கட்டாயம் விரிச்சுப் பாருங்கோ, லோன் கேள்விப் பதிலோட சேத்து, ஏனெண்டா அங்க இருக்கிறவைக்குத்தான் வேற வழி இல்ல. கூடத் திருப்தி எண்டு சொல்லியும் விட்டவை எண்ட பெட்டியும் அப்பிடித்தான், அது அனேகமாப் பிள்ளை, பஸ், கலியாணம்.

படி 8: திருப்பிச் சொல்லுறதும் முடிக்கிறதும்

ரிப்போர்ட் கொழும்புக்குப் போக முந்தி அந்தப் பொம்பிளையளுக்குப் போகோணும். ஒவ்வொரு சுற்று முடிய ஊருக்கு ஒரு கூட்டம், சுவரில பெரிய எழுத்தில நாலைஞ்சு விசயம், "இதில பிழை இருக்கோ" எண்டு கேளுங்கோ, அவை சொல்லுற விளக்கம் உங்கட கணக்கை விடச் சரியா இருக்கிற நேரம் கனக்க. வேலைத்தலத்தின்ர பேர் வெளியில வரக் கூடாது, பத்துப் பேருக்குக் குறைஞ்ச கூட்டத்தின்ர இலக்கத்தைத் தனியாப் போடக் கூடாது, ஒரு ஊரில ஒரு முன்பள்ளிதான் இருக்கும், இலக்கத்தைப் பாத்தே ஆளைப் பிடிச்சிடுவினம். முதலாளிமாருக்குச் சொல்லுறதெண்டா எல்லா ஊரையும் சேத்து, பேச்சு, லீவு, பஸ் எண்டு விசயமாச் சொல்லுங்கோ.

எத்தனை வருசம் எண்டா குறைஞ்சது ஐஞ்சு. காசு முடிஞ்சு நிப்பாட்ட வேண்டி வந்தா பேசாமல் நிப்பாட்டாதேங்கோ, ஒவ்வொருத்தருக்கும் போன் எடுத்து இதுதான் கடைசி எண்டு சொல்லி, அவவின்ர அத்தனை வருசத்துப் பதிலும் ஒரு தாளில வேணுமோ எண்டு கேளுங்கோ, வேணும் எண்டவைக்குக் கையில குடுங்கோ. பேர்க் கொப்பியை அதுக்குப் பிறகு எரிக்கலாம், பதில் பைலை இலக்கத்தோட மட்டும் வைச்சிருந்தாக் காணும். ஆனா எரிக்க முந்தி ஒரு கேள்வி, இன்னொரு ஐஞ்சு வருசம் கழிச்சு திரும்பி வந்தாக் கதைப்பீங்களோ எண்டு. ஓம் எண்டவையின்ர நம்பரை மட்டும் அவையின்ர சம்மதத்தோட தனியா எடுத்து வையுங்கோ.